முதலில் ஏர்கோனா, கூரையா, அடுப்பா? தாமான் சங்கங்களுக்கு ஒரு கணக்கு

ஒரு தாமான் (வீடமைப்புப் பகுதி) குடியிருப்பாளர் சங்கமோ கோயில் இளைஞர் பிரிவோ 'பசுமை' என்ற பெயரில் ஒரு வேலையை எடுத்தால், பெரும்பாலும் மரம் நடுவதில் தொடங்கிப் படம் எடுப்பதில் முடிந்துவிடும். மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பது அடுத்த கூட்டத்து வாக்குவாதம். பினாங்குப் பெருநிலத்தில், பிறையிலும் செபராங் ஜெயாவிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் இருக்கும் வரிசை வீட்டுக்காரர்களிடம் இப்போது வேறு பேச்சு கேட்கிறது. பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து சோலார் போடலாமா? கேஸ் அடுப்பை விட்டுவிட்டு இண்டக்‌ஷனுக்கு மாறலாமா? பழைய ஏர்கோனையும் காத்தாடியையும் மொத்தமாக மாற்றினால் விலை குறையுமா?

மூன்றுமே நல்ல கேள்விகள். ஆனால் சின்னச் சங்கத்துக்கு ஒரு வருடத்தில் ஒரு வேலையை ஒழுங்காக முடிக்கத்தான் ஆளும் மூச்சும் இருக்கும். அப்படி ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால், முதலில் குளிரூட்டும் செலவு, பிறகு கூரை, கடைசியில் அடுப்பு என்பேன். ஆர்வமாக ஓடிவருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏன் கூடாது என்பதற்கான பதில் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் அனுப்பும் பில்லிலேயே இருக்கிறது.

பில்லை முதலில் படியுங்கள்

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் வீட்டு மின்கட்டணத்தைக் கணக்கிடும் முறையே மாறிவிட்டது. மாதம் 1,500 யூனிட்டுக்குள் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி) பயன்படுத்தும் வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென் (நூறு சென், அதாவது நூறு காசு, ஒரு வெள்ளி), கொள்திறன் கட்டணம் 4.55 சென், கம்பி வலையமைப்புக் கட்டணம் 12.85 சென். ஆக மொத்தம் யூனிட்டுக்கு 44.43 சென். இதற்கு மேல் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் ஒன்று உண்டு. 600 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு அது இல்லை. எரிபொருள் விலையைப் பொறுத்து மாதாமாதம் மாறும் சரிக்கட்டலும், சேவை வரியும்கூட 600ஐத் தாண்டினால்தான் தலைகாட்டும்.

இதுவரை எளிது. சூட்சுமம் அடுத்த வரியில். ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்துபவருக்கு ஒரு கழிவு தருகிறார்கள். 200 யூனிட்டுக்குள் முடிக்கும் வீட்டுக்கு யூனிட்டுக்கு 25 சென். 301 முதல் 350 வரை 21 சென். 401 முதல் 450 வரை 14.5 சென். 551 முதல் 600 வரை 9 சென். ஆயிரத்தைத் தாண்டினால் ஒன்றும் இல்லை. இந்தக் கழிவு மொத்தப் பயன்பாட்டுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. அதனால் ஒரு படி மேலே போனால் அதுவரை ஓடிய யூனிட்டுகளுக்கும் கழிவு குறைந்துவிடும். ஒரு படி கீழே இறங்கினால் அத்தனைக்கும் கழிவு கூடும்.

350 யூனிட் பயன்படுத்தும் வீட்டைப் பாருங்கள். 155 வெள்ளி 50 காசில் 73 வெள்ளி 50 காசு கழிந்து 82 வெள்ளி கட்டினால் போதும். சராசரி யூனிட்டுக்கு 23 சென்தான். 900 யூனிட் ஓடும் வீட்டுக்கோ கழிவு 9 வெள்ளி, பில் 400ஐத் தாண்டுகிறது. அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இருவருக்கு மின்சாரம் ஏறக்குறைய இரண்டு விலையில் விற்கப்படுகிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே யோசனையைச் சொல்லும் சங்கம் பாதிப் பேருக்குத் தவறான யோசனையைத்தான் சொல்கிறது.

அடுப்பு: ஆசைக்கும் கணக்குக்கும் நடுவில்

கேஸ் அடுப்பை விட்டு மின்சாரத்துக்கு மாறு என்ற பேச்சு வெளிநாட்டிலிருந்து வந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2019ல் புதிய கட்டடங்களுக்கு எரிவாயு இணைப்பே கிடையாது என்று சட்டம் போட்டது. 2023ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது, அது வேறு கதை. அங்கே வீட்டில் எரியும் கேஸில் பெரும்பகுதி குளிருக்கு வீட்டைச் சூடாக்கவும் வெந்நீருக்கும் போகிறது. நமக்குக் குளிர்காலமே கிடையாது. நம் வீட்டில் எரிவது ஒரு தோம்பு (சிலிண்டர்) கேஸ், அதுவும் அரசு மானியத்தில்.

"14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 காசு. அதை விட்டுட்டுக் கரண்டு அடுப்பு எதுக்குத் தம்பி?" என்று கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டால் அவர் வாயை அடைக்கக் கூடாது. அவர் கேட்பது நியாயம்.

கணக்கைப் பாருங்கள். 14 கிலோ கேஸில் சுமார் 180 யூனிட் வெப்பம் இருக்கிறது. திறந்த நெருப்பில் பாதிக்கு மேல் சட்டியின் ஓரமாக வெளியே போய்விடும்; நூற்றுக்கு நாற்பது பங்கு சட்டியில் இறங்கினால் பெரிது. இண்டக்‌ஷனில் நூற்றுக்கு 85 பங்கு இறங்கும். அதனால் ஒரு தோம்புக்கு ஈடான சமையலை முடிக்க 85 யூனிட் போதும். அறிவியல் கணக்கில் இண்டக்‌ஷனுக்குத்தான் வெற்றி. பணக் கணக்கில் இல்லை. 350 யூனிட் வீடு 435க்கு ஏறும்போது 82 வெள்ளி பில் 130 ஆகிறது. 26 வெள்ளி 60 காசு கேஸை மிச்சம் பிடிக்க 48 வெள்ளி கூடுதல். 560 யூனிட் வீடு 645க்கு ஏறினால் சில்லறைக் கட்டணமும் சேர்ந்து, கூடுதல் செலவு 50 வெள்ளியைத் தொட்டுவிடும்.

சரி, காசு போனாலும் பூமிக்கு நல்லதுதானே? அதுவும் இப்போதைக்கு இல்லை. தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் முக்கால் கிலோ கரியமில வாயு என்று வைத்தால், 85 யூனிட்டுக்கு 64 கிலோ. அதே தோம்புக் கேஸை வீட்டிலேயே எரித்தால் 42 கிலோதான். 2023ல் வெளியான தேசிய எரிசக்தி உருமாற்றத் திட்டம் 2050க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு மாற்றப் பார்க்கிறது. அந்தப் பாதையில் நாடு கொஞ்ச தூரம் போனபிறகு இந்தக் கணக்கு மாறும். இன்றைக்கு, கூரையில் சோலார் பலகை இல்லாத வீட்டில் கேஸை விடுவது பசுமைப் பணி ஆகாது.

ஆனாலும் சில வீடுகளில் கணக்குப் பார்க்காமல் மாறலாம். தனியாக இருக்கும் வயதானவர்கள் முதலில். பால் வைத்துவிட்டு மறந்து உள்ளே போய்ப் படுத்துவிடும் பாட்டிக்கு, தானாக அணையும் அடுப்பு மாதம் 20 வெள்ளி கூடுதலானாலும் வேண்டும். ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்து, சமையலறைக்குச் சரியான காற்றோட்டம் இல்லாத வீடு அடுத்தது. கேஸ் நெருப்பில் நைட்ரஜன் டையாக்சைடு வரும். நம் வரிசை வீடுகளில் பின்பக்கம் திறந்த சமையலறை இருப்பதால் இது கொஞ்சம் தப்பிக்கிறது. கொண்டோவில் அப்படி இல்லை. மூன்றாவது, தோம்பைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற ஆளில்லாத வீடு.

அப்புறம் பாத்திரம். இரும்புத் தோசைக்கல் ஓடும். அலுமினியக் குண்டானும் மண்சட்டியும் ஓடாது. அடி உருண்ட குவாலி வாணலியும் தட்டையான இண்டக்‌ஷனில் சரியாக உட்காராது. தீபாவளிக்கு முறுக்கு சுடவும் கோயில் அன்னதானத்துக்கும் கேஸ்தான் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் வீட்டில் சண்டை குறையும். ஒற்றை அடுப்பு 2 கிலோவாட். சாதாரண 13 ஆம்பியர் பிளக் தாங்கும். பதித்து வைக்கும் இரட்டை அடுப்பென்றால் தனிக் கம்பி இழுக்க வேண்டும். 1980களில் கட்டிய வீடாக இருந்தால், அடுப்பு வாங்குவதற்கு முன் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற ஒயர்மேனைக் கூப்பிட்டு மின்பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏர்கோன், காத்தாடி: கவர்ச்சி இல்லாத வெற்றி

இதில் ரிப்பன் வெட்ட எதுவும் இல்லை. அதனால்தான் சங்கங்கள் இதைத் தொடுவதில்லை என்று நினைக்கிறேன். பலன் என்னவோ இங்கேதான் அதிகம்.

640 யூனிட் வீடு ஒன்று 90 யூனிட் குறைத்து 550க்கு வந்தால், பில் 246 வெள்ளியிலிருந்து 187க்கு இறங்கும். வரியைச் சேர்க்காமலே ஏறக்குறைய 60 வெள்ளி மிச்சம். குறைத்த ஒவ்வொரு யூனிட்டும் 66 சென் பெறுகிறது. பட்டியல் விலையோ 44 சென். 600 என்ற கோட்டைக் கீழ்நோக்கித் தாண்டுவதற்குக் கிடைக்கும் பரிசு அது. உங்கள் சாலையில் 600க்கும் 750க்கும் நடுவில் எத்தனை வீடு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு ஏர்கோனும் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கும் வீடுகள் பலவும் அங்கேதான் இருக்கும்.

90 யூனிட்டை எங்கே பிடிப்பது? பழைய, இன்வெர்ட்டர் இல்லாத ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் இரவு முழுக்க ஓடுகிறது என்றால், ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டருக்கு மாற்றுவதால் இரவுக்கு 2 யூனிட் குறையும் என்பது பெரிய எதிர்பார்ப்பு இல்லை. மாதம் 60. காத்தாடி சின்ன விஷயம் போலத் தெரியும். பழைய கூரைக் காத்தாடி 60, 70 வாட் இழுக்கும். டிசி மோட்டார் காத்தாடி அதில் பாதிக்கும் கீழே. நாள் முழுக்க ஓடும் கூடத்துக் காத்தாடியையும் படுக்கையறைக் காத்தாடிகளையும் மாற்றினால் மீதி 30 யூனிட் வந்துவிடும். ஏர்கோனை 25ல் வைத்துக் காத்தாடியையும் மெதுவாக ஓடவிட்டால் 20ல் வைத்த சுகம் கிடைக்கும் என்று சொல்லிப் பாருங்கள். அப்பாக்கள் ஒப்புக்கொள்வார்கள், பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சங்கம் இங்கே செய்யக்கூடியது நிறைய. ஏர்கோன் கழுவ வரும் ஆளை ஒரே சனிக்கிழமை முழுச் சாலைக்கும் பேசினால் ஒரு பெட்டிக்கான விலை இறங்கும். புதியது வாங்கும்போது எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும் எண்ணை ஒப்பிடச் சொல்லிக் கொடுக்கலாம்; ஒரே ஐந்து நட்சத்திரத்துக்குள்ளும் வித்தியாசம் உண்டு. பழைய பெட்டியைக் கழற்றும் ஆள் உள்ளே இருக்கும் வாயுவை அப்படியே காற்றில் திறந்துவிடாமல் உருளையில் பிடிக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். பழைய பெட்டிகளில் இருக்கும் ஆர்22 கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூட்டைப் பிடித்துவைக்கும் வாயு. பல மாதம் மின்சாரத்தில் சேர்த்த புண்ணியம் ஐந்து நிமிடத்தில் பறந்துவிடும்.

காசே செலவில்லாத ஒன்றும் உண்டு. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடு நேரவாரிக் கட்டணத்துக்கு மாறிக்கொள்ளலாம். வார நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை எரிசக்திக் கட்டணம் 28.52 சென்; மற்ற நேரமும் சனி ஞாயிறு முழுக்கவும் 24.43 சென். பத்து மணிக்கு மேல் ஏர்கோன் போடும் வீட்டுக்கு இது மாதம் சில வெள்ளியாவது தரும். வார நாட்களில் பிற்பகலெல்லாம் ஏர்கோன் ஓடும் வீட்டுக்கு அவ்வளவாக ஒத்துவராது.

கூரை: யாருக்கு, யாருக்கு இல்லை

சோலார் பற்றிக் கேட்டாலே "ஒன்றுக்கு ஒன்று கழிச்சுடுவாங்க" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பழைய செய்தி. 2016ல் தொடங்கி, 2019 முதல் ஒன்றுக்கு ஒன்று என்று (வெளியே அனுப்பும் ஒரு யூனிட்டுக்கு வாங்கும் ஒரு யூனிட்டைக் கழித்து) ஓடிய நிகர அளவீட்டுத் திட்டம் 2025 ஜூன் 30ஆம் தேதியோடு புது விண்ணப்பங்களை மூடிவிட்டது. அப்போது சேர்ந்தவர்களுக்குப் பத்தாண்டு அதே சலுகை நீடிக்கும். 2026 ஜனவரியிலிருந்து வந்திருப்பது சோலார் அதாப் என்ற புதுத் திட்டம். இதில் நீங்கள் பொது மின்கட்டமைப்புக்கு அனுப்பும் மிச்ச மின்சாரத்துக்கு எரிசக்திக் கட்டணம் மட்டும், அதாவது 27.03 சென் அளவுக்குத்தான் கழிவு. மீந்த கழிவு அந்த மாதத்தோடு சரி, அடுத்த மாதத்துக்கு வராது.

ஆகவே உங்கள் கூரையில் விளையும் மின்சாரத்துக்கு இரண்டு விலை. பகலில் வீட்டிலேயே பயன்படுத்தினால் 44 சென் மிச்சம், வெளியே அனுப்பினால் 27 சென். பகலில் வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்பதுதான் இனி முதல் கேள்வி. ஓய்வுபெற்ற பெற்றோர், வீட்டிலிருந்து வேலை, வீட்டிலேயே தையல் கடை, டியூஷன் வகுப்பு: இவை இருக்கும் வீடுகள் முன்வரிசையில் நிற்கட்டும்.

900 யூனிட் ஓடும் வீட்டில் 5 கிலோவாட் பலகை போட்டால் மாதம் 550 யூனிட் எதிர்பார்க்கலாம். 200 பகலில் செலவாகி 350 வெளியே போகிறது என்றால் மிச்சம் 184 வெள்ளி. 20,000 வெள்ளிக்கு வேலை முடிந்தால் ஒன்பது ஆண்டில் முதல் திரும்பும். நல்ல பலகை இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். நடுவில் ஒரு முறை இன்வெர்ட்டர் மாற்ற ஒரு தொகையை ஒதுக்கிவையுங்கள். 350 யூனிட் வீட்டுக்கோ பில்லே 82 வெள்ளிதான். அதை முழுக்க அழித்தாலும் வருடத்துக்கு ஆயிரம் வெள்ளி தேறாது. அந்த வீட்டுக்காரரைக் கூட்டுக் கொள்முதலில் சேர்த்தால் எண்ணிக்கை அழகாக இருக்கும், அவருக்கு நன்மை இல்லை. விற்பனையாளர் இதைச் சொல்ல மாட்டார், சங்கம் சொல்ல வேண்டும்.

நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து ஐந்து பாகைதான் வடக்கே. அதனால் கிழக்கு பார்த்த கூரைக்கும் மேற்கு பார்த்த கூரைக்கும் விளைச்சலில் பெரிய வேறுபாடு வராது. சாலையின் இரு பக்கத்தாரும் சேரலாம். தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டார் கட்டிய மாடியும்தான் உண்மையான எதிரி. புதுப்பிக்கத்தக்க ஆற்றலைக் கவனிக்கும் அரசு அமைப்பான சீடாவின் பதிவேட்டில் உள்ள நிறுவனங்களிடம் மட்டும் விலை கேளுங்கள். ஓடு உடைந்து மழை ஒழுகினால் யார் பொறுப்பு, எத்தனை ஆண்டு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பத்து வீட்டுக்கு ஒரே ஆள் சாரம் கட்டி வேலை செய்தால் விலையில் இறங்கி வருவார்; ஒழுகலுக்கு உத்தரவாதம் கேட்கும்போதுதான் சிலர் முகம் மாறும். முதலே போடாமல் கூரையை வாடகைக்கு விடும் க்ரீம் என்ற ஏற்பாட்டையும் அரசு அறிவித்திருக்கிறது. கையில் பணம் இல்லாத, ஆனால் நல்ல கூரை உள்ள வீட்டார் அதைக் கவனித்துவரலாம்.

கூரையில் பலகை வந்தபிறகு அடுப்பின் கணக்கு தலைகீழாகிறது. மதியச் சமையலைப் பகலில் இண்டக்‌ஷனில் முடித்தால், நீங்கள் இழப்பது வெளியே அனுப்பியிருந்தால் கிடைக்கும் 27 சென் மட்டும். 85 யூனிட்டுக்கு 23 வெள்ளி. மானியத் தோம்பைவிடவே மலிவு, புகையும் இல்லை. அடுப்பைக் கடைசியில் வைத்தது இதனால்தான். ஆரம்பத்தில் 48 வெள்ளி தண்டமாக இருந்தது, கூரைக்குப் பிறகு லாபமாகிறது.

உரக்குழி பற்றி ஒரு வார்த்தை

இது மற்ற மூன்றோடும் போட்டியிடும் வேலை இல்லை. பினாங்கில் குப்பையைப் பிரிக்கும் கொள்கை 2016லிருந்தே இருக்கிறது. வீட்டு உரம் தயாரிப்பதைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம், மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் தலைவராக இருந்த காலத்திலிருந்து தமிழிலும் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறது. நம் குப்பை போய்ச்சேரும் பூலாவ் பூரோங் நிலநிரப்பு 2022 ஜனவரியில் பற்றி எரிந்தபோது நிபோங் திபால் பக்கத்து மக்கள் புகையில் தவித்தார்கள். வாழை இலையும் மாலையும் மூட்டை மூட்டையாகச் சேரும் கோயில் ஏற்றுச் செய்தால் வீட்டுக்கு வீடு சொல்வதைவிடச் சீக்கிரம் நடக்கும். அதைக் கோயிலிடம் விட்டுவிட்டு, சங்கம் பில்லைப் பார்க்கட்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு

மேலே சொன்ன வரிசையில் கூரை அடுக்குமாடிக்காரருக்கு இல்லை, அது பொதுச்சொத்து. அங்கே முதல் வேலை பொது மின்கட்டணம்: மின்தூக்கி, நீர் இறைக்கும் பம்பு, தாழ்வார விளக்கு. இரவு முழுக்க எரியும் நூறு பழைய குழல்விளக்குகளை எல்இடிக்கு மாற்றி விளக்குக்கு 20 வாட் குறைத்தால், தினம் 12 மணி நேரக் கணக்கில் மாதம் 720 யூனிட் குறையும். ஒரு பெரிய வீட்டின் மொத்தச் செலவு அது. பராமரிப்பு நிதியிலிருந்து போகும் பணம் என்பதால் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை, ஆனால் நிர்வாகக் குழு ஒப்ப வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஏழு நாளாவது முன்னதாகத் தீர்மானத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்கு கிடையாது. உங்களை ஆதரிப்பவர்கள் பாக்கியைக் கட்டிவிட்டார்களா என்பதையும் அதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள்.